பாயம்மாவின் இந்தி

வாயிலிருந்த வெற்றிலையை முற்றத்து ஓரமாகத் துப்பி, செம்புத் தண்ணீரில் கொப்பளித்து, முந்தானையால் உதட்டைத் துடைத்த பிறகுதான் ரோஷன் பீவி டி.வி. பெட்டியின் மரக்கதவைத் தள்ளித் திறப்பாள். வெற்றிலை இல்லாமல் அவளுக்குச் சமையல் ஓடாது, சண்டை ஓடாது, தூக்கம்கூட வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தி நாடகம் வரும் நேரத்துக்கு மட்டும் விலக்கு. வாய் நிறைய வெற்றிலைச் சாறோடு இந்தியைத் தமிழில் எடுத்துச் சொன்னால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களின் புடவை என்ன கதியாகும் என்பதை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

"கூடையெல்லாம் வெளிய. காலக் கழுவிட்டு உள்ள வா. ஏ பவுனு, கையில இன்னும் கவிச்ச அடிக்குது. அந்தக் கையோட என் தலகாணியத் தொட்டுப் பாரு, அப்பால தெரியும்!"

பவுனம்மாள் கையை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கிணற்றடிக்குப் போவாள். இவர்களெல்லாம் லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்கள். விடிந்ததும் படகில் ஏரியைத் தாண்டி பழவேற்காட்டுக் கடைத்தெருவுக்கு மீன் கொண்டுவருவார்கள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் சீக்கிரம் முடிந்துவிடும். நேராக ரோஷன் பீவி வீட்டுக்குத்தான். வெளிச்சுவர் ஓரமாகக் கூடைகள் வரிசையாக நிற்கும். மிச்ச மீனைக் காக்கை தூக்காமல் பார்த்துக்கொள்ள முறைபோட்டு ஒருத்தி வெளியே நிற்க வேண்டும். அவள் சன்னல் கம்பியில் முகத்தை வைத்து, "இப்ப இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள், காக்கைகள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கெட்டிச் சுவரும் உயரமான கதவுமாகப் பழைய வீடு. புகுந்த வீட்டு முன்னோர்கள் ஒரு காலத்தில் கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர்கள். இப்போது கணவர் அப்துல் ஹை இறால் வாங்கி ஐஸ் போட்டு மதராசுக்கு அனுப்புகிறார். டி.வி. பெட்டி, வளைகுடாவில் வேலை பார்க்கும் தம்பி பஷீர் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இரும்புக் குழாய் நட்டு, வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டி, உச்சியில் ஆன்டெனா. ஏரிக்காற்று அதைத் தன் இஷ்டத்துக்குத் திருப்பிவிடும். உடனே திரை முழுக்கப் புள்ளி. "இறால் குஞ்சு துள்ளுது பாயம்மா!" என்று பெண்கள் கூவுவார்கள். அப்துல் ஹை பனியனோடு மாடிக்கு ஓடுவார். அந்த வீட்டில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை உத்தியோகம் அதுதான்.

பஷீர் விடுமுறையில் வந்தால் மீஞ்சூரிலிருந்து வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து வருவான். கூடவே நாலைந்து கேசட், எல்லாம் தமிழ்ப் படம். தெருவே திரண்டு வந்து முற்றத்தில் உட்காரும். அன்றைக்கு ரோஷன் பீவியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கதாநாயகி அழுதால் அழுகையின் காரணத்தை அவளே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். நடுவில் பீவி எதற்கு? ஒரு மூலையில் உட்கார்ந்து வெற்றிலையை மென்றபடி, "இது ஒரு படமா?" என்பாள். எந்தத் தமிழ்ப் படமும் அவளுக்கு இதுவரை பிடித்ததில்லை.

இந்தி விவகாரம் தொடங்கியது லோகாம்பாளால். டி.வி. வந்த புதிதில், மீன் கொடுக்க வந்தவள் வாசலில் நின்றபடியே திரையைப் பார்த்தாள். பட்டுப்புடவைக்காரி ஒருத்தி கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொல்றா பாயம்மா? உங்க பாஷதானே, கொஞ்சம் சொல்லேன்."

லோகாம்பாளின் கணக்கு சுலபமானது. ராயபுரத்தில் அவள் சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கறிக்கடை பாய். அவர் வீட்டில் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். லோகாம்பாள் தன் காதால் கேட்டிருக்கிறாள். அவரும் பாய், இவர்களும் பாய் வீடு. அப்புறம் என்ன? ஆனால் ரோஷன் பீவியின் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்தான். அவள் பாட்டனார் காலத்தில் எழுதியது அரபு எழுத்து. அதையும் வாய்விட்டுப் படித்தால் வருவது தமிழ். இந்தி என்று பார்த்தால் அவளுக்குத் தெரிந்தது பேஜார், உஷார், ஜல்தி. அது மீன் விற்கிற லோகாம்பாளுக்கும் தெரியும்.

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால் முடிந்துபோயிருக்கும். சொல்ல வாய் வரவில்லை. பிறந்ததிலிருந்து ரோஷன் பீவி 'தெரியாது' என்ற சொல்லைக் கிட்டே சேர்த்ததில்லை. வழி கேட்டால், மருந்து கேட்டால், எந்த ஊருக்கு எந்த பஸ் என்று கேட்டால் அவளிடம் பதில் உண்டு. அவள் சொன்ன பஸ்ஸில் ஏறியவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பது வேறு கதை. லோகாம்பாளிடமும் பட்டென்று சொல்லிவிட்டாள்: "மாமியாகாரி. மருமவ மேல கோவம்." அது கண் இருக்கிற யாருக்கும் தெரிகிற சங்கதி. ஆனால் லோகாம்பாள் வியந்துபோனாள். மறுவாரம் நாலு பேரோடு வந்தாள்.

இந்த வித்தை அவளுக்குப் புதிதல்ல என்றும் சொல்லலாம். சின்ன வயதில் அவர்கள் வீட்டுப் பெண்களைக் கொட்டகைக்கு அனுப்ப மாட்டார்கள். ஊர் எல்லையில் டூரிங் டாக்கீஸ் போட்டிருந்தபோது, காற்று இந்தப் பக்கம் வீசினால் முதல் ஆட்டத்து வசனம் மாடி வரைக்கும் வரும். ரோஷன் மாடியில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டு, யார் எப்படி இருப்பார்கள், எந்த மரத்தடியில் நிற்பார்கள் என்று தானே படம் பிடித்துக்கொள்வாள். அப்போது பேச்சு இருந்தது, படம் இல்லை. இப்போது படம் இருக்கிறது, பேச்சு இல்லை. இரண்டிலும் பாதியை அவள்தான் போட வேண்டியிருக்கிறது.

போடுவாள், அலுக்காமல் போடுவாள். டி.வி.க்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, பாதி உடம்பு திரைக்கும் பாதி உடம்பு கூட்டத்துக்குமாக உட்காருவாள்; திரையில் ஆள் வாயை மூடுவதற்குள் தமிழ் வந்து விழும். ஆட்களுக்குக் குப்பத்துப் பெண்கள் பேர் வைத்திருந்தார்கள். கதாநாயகி நீட்டுஜடை. அவள் புருஷன் கோட்டுக்காரன். மூன்று வாரத்துக்கு முன்னால் கட்டிலில் கண்ணை மூடி, எல்லோரும் சுற்றி நின்று அழுத ஒரு பெரியவர், திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார். பவுனம்மாள் விடவில்லை.

"செத்துட்டாருன்னு சொன்னியே பாயம்மா?"

"செத்துட்டாருன்னு அவங்க நெனச்சாங்கன்னு சொன்னேன். நீ பாதியில காக்கா ஓட்டப் போயிட்ட. முழுசாக் கேட்டாத்தானே!"

கூடத்துச் சாய்வு நாற்காலியில் அப்துல் ஹையின் முகத்தை மூடிய செய்தித்தாள் குலுங்கியது. அவர் எப்போதும் சத்தம் போட்டுச் சிரிப்பதில்லை. மனைவியின் மானம் அவர் மானம்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ரோஷன் பீவிக்குக் கெட்டவர்களைக் கெட்டவர்களாகவே விட மனம் வராது. திரையில் எவனாவது கண்ணை உருட்டினால், "உள்ளுக்குள்ள அவனுக்கு வருத்தம்தான்" என்பாள். சொத்தைப் பிடுங்கியவன் அவள் வாயில் விழுந்து நாலு வாரத்தில் திருந்திவிடுவான். டெல்லியில் எவனோ எழுதியதைவிட அவள் சொன்ன கதையில் உலகம் கொஞ்சம் நல்லதாகவே இருந்தது. அதைக் கேட்கத்தான் அந்தப் பெண்களும் வந்தார்கள் என்று தோன்றுகிறது.

திரௌபதி வரத் தொடங்கியது மாசி மாதத்தில். லோகாம்பாளின் மூத்த மகள். தோணிரேவு ஊரில் கங்காதரனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவனுக்குச் சொந்தப் படகு, ஓட்டு வீடு, குடித்தால் மட்டும் கை நீளும். ஒருநாள் அவள் இடது மணிக்கட்டை முறுக்கி உடைத்தான். கட்டு போட்டது சரியாக இல்லை. கை கோணலாகவே கூடிவிட்டது. அந்தக் கையோடு தாய் வீட்டுக்கு வந்தவள்தான், பேச்சே இல்லை. தாயோடு மீன் விற்க வருவாள். மற்றவர்கள் டி.வி. முன்னால் இடம் பிடிக்க, இவள் கதவோரமாக, பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக உட்காருவாள். யார் சிரித்தாலும் சிரிக்க மாட்டாள்.

கங்காதரன் இரண்டு தடவை வந்து கூப்பிட்டான். அழுதான், காலில் விழாத குறை. ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷனோடு போகிறாயா இல்லையா என்பதைப் பெண் தன் வாயால் சொல்ல வேண்டும். தாய் தகப்பன் சொன்னால் செல்லாது. ஆனால் மூன்று கூட்டத்துக்கு மேல் தள்ளிப் போட மாட்டார்கள். மூன்றாவது முறையும் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். இரண்டு கூட்டம் முடிந்திருந்தது. இரண்டிலும் திரௌபதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது, வருகிற அமாவாசைக்கு.

"அது பேசாது. போவத்தான் போவுது," என்றாள் லோகாம்பாள். அடுத்த மகளுக்கும் வரன் பார்க்க வேண்டும். மூத்தது வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தால் யார் வருவார்கள்? அவள் கவலை அவளுக்கு.

நாடகத்திலும் அப்போது நீட்டுஜடை அப்பா வீட்டில் இருந்தாள். கோட்டுக்காரன் அவளை அறைந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள்; அதற்கு யாரும் தமிழ் கேட்கவில்லை. அமாவாசைக்கு முந்தின வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவன் மாமனார் வீட்டு வாசலில் வந்து நின்றான். நிறையப் பேசினான். கண் கலங்கியிருந்தது. பின்னணியில் வீணை வேறு. ரோஷன் பீவிக்கு மனசு இளகிவிட்டது.

"தப்புத்தான்னு சொல்றான். இனிமே கை ஓங்க மாட்டேன், எங்கம்மா மேல சத்தியம்னு சொல்றான்."

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். பவுனம்மாள் மூக்கைச் சிந்தினாள். நாடகம் முடிந்து எல்லோரும் கூடையைத் தூக்கும்போது, திரௌபதி மட்டும் கிணற்றடியில் நின்றாள்.

"பாயம்மா. அந்த ஆளு மெய்யாலுமா சத்தியம் பண்ணான்?"

அவள் குரலை ரோஷன் பீவி கேட்பது அதுதான் முதல் தடவை. "பண்ணான்டி. கண்ணுல தண்ணி வந்துச்சே, நீயும்தானே பாத்த."

"அவரும் அப்டித்தான் சொன்னாரு. நான்தான் நம்பல." திரௌபதி கூடையைத் தலையில் ஏற்றினாள். கை உயர்ந்தபோது அந்தக் கோணல் மணிக்கட்டு பீவியின் கண்ணுக்கு நேராக வந்தது. "அப்ப போயிப் பாக்கறேன்."

பீவி அப்படியே கிணற்றடியில் நின்றுவிட்டாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது அவளுக்குத் தெரியாது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கணவரிடம் சொன்னாள். அப்துல் ஹை முதலில் சிரித்தார். "இதுக்கா முழிக்கிற? அடுத்த வாரம் மாத்திச் சொல்லிடு. செத்தவனையே எழுப்பிக் காபி குடுத்தவ நீ."

"எப்டி மாத்த? அவன் மோசக்காரன், போவாதடின்னு சொன்னா கேட்டுக்குவா. ஆனா அதுவும் நான் கட்டினதுதானே? என் பேச்சக் கேட்டுப் போனாலும் தப்பு, என் பேச்சக் கேட்டு நின்னாலும் தப்பு." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அந்தப் பாவி இன்னாதான் சொன்னானோ! கடன் கேட்டானோ, திட்டினானோ, யாருக்குத் தெரியும்? அந்தக் கையப் பாத்துட்டும் நான் சத்தியம் பண்ணான்னு சொன்னேன் பாருங்க."

அப்துல் ஹை சிரிப்பை நிறுத்திவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. "உண்மையச் சொல்லிடு," என்றார்.

"ஊரே சிரிக்கும்."

"நான் இத்தினி நாளா சிரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். ஒண்ணும் ஆவலயே."

அந்த வாரம் முழுவதும் ரோஷன் பீவிக்கு எதுவும் ஓடவில்லை. தெருவில் யாரோ பஸ் கேட்டதற்கு, "டீக்கடையில கேளு" என்று அனுப்பினாள். குப்பத்துக்கு ஆள் விட்டுத் திரௌபதியைக் கூப்பிடலாமா என்று யோசித்தாள். கூப்பிட்டுத் தனியாகச் சொல்லிவிடலாம், மற்றவர்களுக்குத் தெரியாது, மானமும் போகாது. அப்படி நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் சொன்ன பொய்யை அத்தனை பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் அமாவாசை. கூடைகள் சுவரோரம் ஏறின. கவிச்சை என்று பீவி யாரையும் விரட்டவில்லை. பவுனம்மாள் அந்தச் சந்தோஷத்தில் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரௌபதி வழக்கமான இடத்தில், கதவோரம். பீவி விசையைத் திருகிவிட்டு முக்காலியில் உட்காராமல் நின்றாள். பெட்டி சூடேறிப் படம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்கு இந்தி தெரியாது."

"காலங்காத்தால தமாசு பண்ணாத பாயம்மா. குந்து," என்றாள் பவுனம்மாள்.

"தமாசு இல்லடி. ஒரு வார்த்த தெரியாது. எங்க வூட்ல யாருக்குமே தெரியாது. இத்தினி நாளா நான் சொன்னது பூரா நானா கட்டி வுட்டது."

பவுனம்மாள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "இத்தச் சொல்லவா மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற? அந்தப் பெரியவரு எழுந்து காபி குடிச்சப்பவே எனக்கு டவுட்டுத்தான். அதனால இன்னா? நீ சொல்றது நல்லாத்தானே கீது. நீ பாட்டுக்குச் சொல்லு."

லோகாம்பாளுக்குத்தான் வாய் மூடவில்லை. "அப்ப ராயபுரத்துக் கறிக்கட பாயி?"

"அவரு வேற, நாங்க வேற லோகா."

எல்லோரும் சிரித்தார்கள். பீவியின் காது மடல் சுட்டது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது கதவோரத்தை. திரௌபதி எழுந்து நின்றிருந்தாள்.

"போன வாரம் சத்தியம் பண்ணான்னு சொன்னியே?"

"அது நான் சொன்னது துரோபதி. அவன் சொன்னது இல்ல. அவன் இன்னா சொன்னான்னு எனக்குத் தெரியாது. ஒன்ன வெச்சிக்கிட்டு நான் அப்டிச் சொல்லியிருக்கக் கூடாது."

திரௌபதியின் முகத்தில் இருப்பது கோபமா, நிம்மதியா என்று பீவியால் படிக்க முடியவில்லை. யார் முகத்தையும் பார்த்துக் கதை சொல்லிவிடுகிறவளுக்கு, இந்த முகத்துக்கு ஒரு வரி வரவில்லை.

படம் வந்துவிட்டது. அப்பா வீட்டுக் கூடம். கோட்டுக்காரன் இன்றைக்கும் வாசலில் நிற்கிறான். நீட்டுஜடையின் காலடியில் ஒரு துணிப்பெட்டி. அவன் ஏதோ கேட்டான். அவள் நிமிர்ந்து, உதடு துடிக்க, ஏதோ சொன்னாள். அத்தனை தலைகளும் பழக்கதோஷத்தில் பீவியின் பக்கம் திரும்பின.

"இன்னா சொல்றா பாயம்மா? சொம்மாவாவது சொல்லேன்."

"எனக்குத் தெரிஞ்ச இந்திதான் துரோபதிக்கும் தெரியும்," என்றாள் பீவி. "துரோபதி, நீ சொல்லு. அவ இன்னா சொல்றா?"

"அது எங்க பேசப்போவுது..." என்று லோகாம்பாள் தொடங்க, பீவி கையைக் காட்டி அவளை அடக்கினாள்.

திரௌபதி திரையையே பார்த்தாள். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெளியே காவலுக்கு நின்றவள்கூடக் காக்கையை மறந்து சன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு நின்றாள்.

"வர மாட்டேன்றா," என்றாள் திரௌபதி. குரல் கரகரத்தது, பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும், இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நீ எத்தினி வாட்டி வந்து கூப்ட்டாலும் நான் வர மாட்டேன்னு சொல்றா."

லோகாம்பாள் திரும்பி மகளைப் பார்த்தாள்.

திரையில் நீட்டுஜடை கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டுக்காரனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பெட்டியை எடுக்கக் குனிந்தாள். ரோஷன் பீவி சட்டென்று எட்டி விசையைத் திருகி டி.வி.யை அணைத்தாள்.